எல்லைக்கு அந்தப் பக்கம் கடை இருக்கிறதே! மதுவிலக்கு: வாசகர் கேள்வி பதில்

பூரண மதுவிலக்கு வேண்டுமா என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வேண்டும், வேண்டாம் என்று எழுதியவர்களைவிட ‘வந்தால் என்ன ஆகும்?’ என்று கேட்டவர்கள்தான் அதிகம். கடிதங்களில் பெரும்பகுதி கடலூர் மாவட்டத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்தவை. பலர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறோம். மருத்துவம், ஆயத்தீர்வை (கலால்), சட்டம் ஆகிய துறைகளில் பழக்கமுள்ளவர்கள் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

தமிழ்நாட்டில் எல்லா டாஸ்மாக்கையும் மூடினால் எங்கள் ஊர் ஆம்பிளைகள் பாண்டிக்குத்தானே போவார்கள்? அப்புறம் மூடி என்ன பயன்?
– இல்லத்தரசி, நெல்லிக்குப்பம்

போவார்கள். ஆனால் எல்லோரும் போக மாட்டார்கள், போகிறவர்களும் தினமும் போக மாட்டார்கள். மூடுவதால் கிடைக்கும் பயன் அவ்வளவுதான், அது சின்னப் பயனும் இல்லை. தெருமுனையில் கடை இல்லை என்றாலே எப்போதாவது குடிப்பவர் பாதி நாள் விட்டுவிடுவார். சிக்கல் மீதிப் பேரிடம்.

புதுச்சேரி ஒரே துண்டு நிலம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். பிரெஞ்சுக்காரர் கையில் எந்தெந்த ஊர் இருந்ததோ அந்தந்த ஊர் மட்டும் சேர்ந்தது. பாகூர் கொம்யூனை (பஞ்சாயத்தை) சுற்றிக் கடலூர் மாவட்டம். நெட்டப்பாக்கமும் மண்ணாடிப்பட்டும் தமிழ்நாட்டுக்குள் சொருகி நிற்கின்றன. ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் நிற்கும் போலீஸ்காரர் ஒரு சாலையைத்தான் பார்க்க முடியும். வயல் வரப்புக்கு செக்போஸ்ட் கிடையாது, கோடையில் தண்ணீர் வற்றிய தென்பெண்ணைக்கும் கிடையாது.

இது புதிதும் இல்லை. சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது 1948-ல். அப்போது பாண்டியில் பிரெஞ்சு ஆட்சி. 1954-ல் அவர்கள் போன பிறகும் கடைகள் அங்கே திறந்தே இருந்தன. 1971-ல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தும்வரை, 23 ஆண்டுகள், கடலூர்க்காரருக்கு மது கிடைக்கும் ‘ஈரமான’ ஊர் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. 1974-ல் மறுபடி மூடினார்கள், 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறந்தார்கள்.

பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். 1987 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் கள்ளும் சாராயமும் மூடப்பட்டன. 1990-ல் மலிவு விலை மது என்று சாராயம் திரும்ப வந்து, 1991-ல் போய்விட்டது. மிஞ்சியது பிராந்தி, விஸ்கி, ரம், பீர். புதுச்சேரியிலோ கள்ளுக்கடை, சாராயக்கடை இரண்டையும் அரசே ஏலம் விடுகிறது. ஆக நெல்லிக்குப்பத்துக்காரர் இன்றைக்கே பாதி மதுவிலக்கில்தான் இருக்கிறார். விலை மலிந்தது அவருக்குத் தடை, விலை கூடியது தடையில்லை. மதுவிலக்கின் பக்கவிளைவுகளைப் பார்க்க மதுவிலக்கு உள்ள பீகாருக்குப் போக வேண்டியதில்லை. பாகூர் சாலையில் பாக்கெட் சாராயம் வருவதே அதுதான்.

அந்த வியாபாரம் எப்படி முளைக்கிறது என்றால், தினமும் போய்வரும் ஒருவரிடம் பக்கத்து வீட்டுக்காரர் ‘எனக்கும் ரெண்டு வாங்கிட்டு வா’ என்கிறார். போகிறவர் பத்து பாக்கெட் வாங்கி, இரண்டைத் தான் குடித்து, எட்டை விற்கிறார். அவர் குடி இலவசமாகிறது. அடுத்த மாதம் அதுவே தொழில். கடையை மூடுகிற ஒவ்வொரு முறையும் இப்படிச் சில குடிகாரர்கள் வியாபாரி ஆகிறார்கள்.

செக்போஸ்ட்டைவிட நன்றாக வேலை செய்தது விலை. 2020 மே 25-ல் புதுச்சேரிக் கடைகள் திறந்தபோது, தமிழ்நாட்டு விலைக்குச் சமமாக வரும்படி சிறப்புத் தீர்வை போட்டார்கள், பக்கத்து மாவட்டக் கூட்டம் வந்து குவியக்கூடாது என்று. 2021 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள், விலை இடைவெளியும் திரும்பிவிட்டது. இரண்டு அரசும் உட்கார்ந்து விலையைப் பேசாமல் ஒரு பக்கம் மட்டும் மூடுவது, ஒரு ஓட்டையை அடைத்துவிட்டுப் பக்கத்து ஓட்டையைத் திறந்து வைக்கிற கதைதான்.

கள்ளச்சாராயச் சாவு என்றாலே ‘சரியாகக் காய்ச்சவில்லை’ என்கிறார்கள். 2001-ல் எங்கள் பக்கமே ஐம்பது பேருக்கு மேல் செத்தார்கள். காய்ச்சுவதில் என்ன தவறு நடக்கிறது?
– மளிகைக் கடைக்காரர், பண்ருட்டி

கூட்டமாகச் சாகும் இடங்களில் பெரும்பாலும் காய்ச்சவே இல்லை. கலந்திருக்கிறார்கள்.

வெல்லம் போட்ட ஊறலில் மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால் மிகக் கொஞ்சம்தான் உண்டாகும். அழுக்கு, உலோகத் துரு, போதைக்காகப் போடும் கண்டது எல்லாம் சேர்ந்து அந்தச் சாராயம் ஈரலையும் வயிற்றையும் கெடுக்கும். ஆனால் ஒரே தெருவில் ஒரே நாளில் இருபது பேர் விழுகிறார்கள் என்றால் அது ஆலையிலிருந்து கேனில் வந்த மெத்தனால். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செய்யூர் பக்கத்திலும் இருபதுக்கு மேல், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 65-க்கு மேல் இறந்தது இதனால்தான்.

மெத்தனால் பெயின்ட், மருந்து, பிசின் தயாரிக்கும் ஆலைகளில் கரைப்பானாகவும் மூலப்பொருளாகவும் போகிறது. குடிக்கும் சாராயத்துக்குள்ள தீர்வை அதற்கு இல்லை, அதனால் மலிவு. பார்வைக்கு, குடிக்கும் மதுவில் உள்ள எத்தனால் மாதிரியே இருக்கும். வாசனையும் ஏறத்தாழ அதுதான்.

இங்கேதான் தடையின் கோணல் இருக்கிறது. ஊறல் போடுகிறவனுக்கு நாட்கள் வேண்டும், பேரல் வேண்டும், விறகு வேண்டும். புகை தெரியும், நாற்றம் காட்டிக்கொடுக்கும். ரெய்டு கூடக்கூட அவனுக்கு ஊறல் கட்டுப்படியாகாது. கேனில் வருகிற ஸ்பிரிட்டுக்குப் புகையும் இல்லை, நாற்றமும் இல்லை. தண்ணீர் ஊற்றினால் ஒரு கேன் பல கேன் ஆகும், மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகலாம். ஊறலை மட்டும் அழித்து, ஆலை ஸ்பிரிட்டின் கணக்கைப் பார்க்காமல் விட்டால், கெட்டதை ஒழித்துக் கொடியதை வளர்த்ததாகிவிடும். கள்ளக்குறிச்சியில் டாஸ்மாக் திறந்துதான் இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தினக்கூலிக்காரருக்கு குவார்ட்டர் விலையே ஒரு மதுவிலக்கு. அதில் பாதிக்கும் கீழே பாக்கெட் கிடைத்தால் அதைத்தான் வாங்குவார்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்றால், மெத்தனால் நேராகக் கொல்வதில்லை. ஈரலில் இருக்கும் நொதி அதை ஃபார்மால்டிஹைடாக்குகிறது, பிறகு அது ஃபார்மிக் அமிலமாகிறது. இந்த அமிலம்தான் கண் நரம்பைச் சுடுகிறது, ரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. சுத்தமான மெத்தனால் 10 மில்லி பார்வையைப் பறிக்கலாம், 30 மில்லி உயிரையே எடுக்கலாம். இந்த மாற்றத்துக்கு 12 முதல் 24 மணி நேரம் ஆகும். கூடவே நல்ல சாராயமும் குடித்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும், ஏனென்றால் அதே நொதி எத்தனாலை முதலில் கவனிக்கிறது. அதனால்தான் ராத்திரி குடித்தவர் காலையில் ‘எனக்கு ஒண்ணும் இல்ல’ என்கிறார், சாயங்காலம் விழுகிறார்.

அப்படிக் குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வீட்டில் என்ன செய்வது?
– அங்கன்வாடி ஊழியர், குறிஞ்சிப்பாடி

வீட்டில் எதுவும் செய்யாதீர்கள், 108-க்குப் போன் போடுங்கள். இரண்டு அறிகுறி சேர்ந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது. ஒன்று, பார்வையில் மங்கல். ‘பனி மூட்டமா இருக்கு, வெள்ளையாத் தெரியுது’ என்பார்கள். இரண்டு, மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்குவது. வயிற்றுவலி, வாந்தி, தலைவலி எல்லாவற்றிலும் வரும், அதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் முதல் வாக்கியமே ‘கள்ளச்சாராயம் குடிச்சிருக்கார், நேத்து இத்தனை மணிக்கு’ என்று இருக்க வேண்டும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ‘வயித்துவலி’ என்று சொல்லி, குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்து இறந்தவர்கள் உண்டு. தண்டனையைக் கூட்டக்கூட இந்தப் பயமும் கூடுகிறது. சட்டம் போடுகிறவர்கள் யாரும் நினைத்துப் பார்க்காத விளைவு இது. மருத்துவருக்கு வேண்டியது மணிக்கணக்கு மட்டும்தான்.

கூடக் குடித்தவர்கள் யார் யார் என்று கேட்டு, நன்றாக இருப்பவர்களையும் அழைத்துப் போங்கள். அவர்களுக்கு மணி இன்னும் ஆகவில்லை, அவ்வளவுதான். மீதியிருக்கும் பாக்கெட்டைக் கொட்டாமல் மூடி எடுத்துப் போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மோர், உப்புத்தண்ணீர், எலுமிச்சை எதுவும் பயன்படாது.

மருத்துவமனையில் ரத்தத்தின் அமிலத்தன்மையைப் பார்த்து சோடா பைகார்பனேட் ஏற்றுவார்கள். ஈரல் நொதியைத் தடுக்க ஃபோமிபிசோல், அது இல்லாவிட்டால் அளந்து எத்தனால் கொடுப்பார்கள். ஃபோலிக் அமில வகை மருந்து ஃபார்மிக் அமிலத்தைச் சிதைக்க உதவும். தீவிரமானால் டயாலிசிஸ். அதனால் இந்தப் பகுதியில் ஜிப்மர், முண்டியம்பாக்கம், சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய இடத்துக்கே போவது நல்லது. எத்தனால்தானே மருந்து என்று வீட்டில் பிராந்தி ஊற்றிவிடாதீர்கள். ரத்தத்தில் அளவு பார்த்துக் கொடுப்பது வேறு, கையால் ஊற்றுவது வேறு.

தீக்குச்சி வைத்தால் நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு என்கிறார்களே?
– ஆட்டோ ஓட்டுநர், முதுநகர்

மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும். அந்தச் சோதனையை நம்பிச் செத்தவர்கள் உண்டு. ஆய்வகம் தவிர வேறு சோதனை கிடையாது.

என் வீட்டுக்காரர் 15 வருஷமாகத் தினமும் குடிக்கிறார். கடை மூடினால் நிறுத்திவிடுவார் என்று காத்திருக்கிறேன். சாப்பாட்டில் கலந்து கொடுக்க ஒரு மருந்து இருக்கிறதாமே?
– நெய்வேலி

இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும் சகோதரி.

தினமும் நிறையக் குடிப்பவருக்குத் திடீரென்று நின்றால் உடம்பு கலகம் செய்யும். மூளை இத்தனை நாள் மதுவின் அமுக்கலை எதிர்த்து ஆக்ஸிலேட்டரை மிதித்தபடியே பழகியிருக்கிறது. அமுக்கல் போனதும் வண்டி பாய்கிறது. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்தில் கை உதறல், வியர்வை, படபடப்பு. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரைதான் பெரிய ஆபத்து: காய்ச்சல், இல்லாத ஆளைப் பார்ப்பது, பூச்சி ஊர்கிறது என்று தட்டுவது, யார் என்ன என்று தெரியாமல் போவது. இது பைத்தியமும் இல்லை, பேயும் இல்லை. சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகும். 2020 மார்ச் ஊரடங்கில் கடைகள் ஒரே இரவில் மூடியபோது நாடெங்கும் இதைப் பார்த்தோம். தாங்காமல் சானிடைசரையும் வார்னிஷையும் குடித்தவர்களும் உண்டு.

அதனால் கடை மூடும்வரை காத்திருக்காதீர்கள். இப்போதே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டுங்கள். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால் அதை முதலில் சொல்லுங்கள், உள்நோயாளியாகவே வைத்துக்கொள்வார்கள். உதறலை அடக்கும் மாத்திரையை முதல் நாள் கூட்டி, ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பார்கள். ஈரல் கெட்டிருந்தால் மாத்திரை வகையே மாறும். எனவே பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக்கொடுத்த சீட்டில் வாங்கக் கூடாது. அதோடு தையமின் ஊசி. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறோம்: நாள்பட்ட குடிகாரர் உடம்பில் பி1 சத்து வறண்டிருக்கும். அது போடாமல் குளுக்கோஸ் பாட்டில் மட்டும் ஏற்றினால் ஞாபகமும் நடையும் நிரந்தரமாகக் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. சின்ன கிளினிக்கில் ‘தெம்புக்கு ஒரு பாட்டில்’ என்றால், தையமின் போட்டீர்களா என்று கேளுங்கள், தப்பில்லை. 14446 என்ற இலவச எண்ணில் போதை மீட்பு ஆலோசனை கிடைக்கும்.

சாப்பாட்டில் கலப்பது டைசல்ஃபிரம். அந்த மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியும். பயந்து குடியை விடுவார் என்பதே மருந்தின் தத்துவம். பயப்பட வேண்டியவருக்கே தெரியாமல் கொடுத்தால் அந்தத் தத்துவம் எங்கே வேலை செய்யும்? தெரியாமல் குவார்ட்டரை முழுதாக இறக்கிவிட்டு மாரடைப்பில் போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம்வரை அதன் வேலை இருக்கும். அவர் சம்மதத்தோடு, இதயமும் ஈரலும் பார்த்த பிறகு, உங்கள் கண்முன்னே விழுங்க வைத்தால் நல்ல மருந்து. ரகசியமாகக் கொடுத்தால் விஷம்.

தடை வந்தால் குடி குறையும் சரி. ஆனால் குடிப்பவர்கள் இன்னும் கடுமையானதைக் குடிப்பார்கள் என்கிறார் எங்கள் பொருளாதார ஆசிரியர். ஏன்?
– கல்லூரி மாணவர், சிதம்பரம்

கணக்குப் போட்டால் புரியும். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். அதாவது சுமார் 77 மில்லி. அதே 77 மில்லி 5 சதவீதக் கள்ளில் கிடைக்க ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டும். இப்போது நீங்கள்தான் கடத்துகிறவர். பிடிபட்டால் தண்டனை இரண்டுக்கும் இருக்கிறது. இடுப்பில் செருகக்கூடிய பாட்டிலையா, புளித்து நுரைக்கும் குடத்தையா கொண்டுபோவீர்கள்? கள்ளும் பீரும் முதலில் காணாமல் போகும். ஸ்பிரிட் நிலைக்கும்.

அமெரிக்காவில் 1920 ஜனவரியில் தடை வந்தபோது அதுவே நடந்தது. பீர் நாடாக இருந்தது விஸ்கி, ஜின் நாடானது. 1933 டிசம்பரில் தடையைத் திரும்பப் பெறும்வரை விதவிதமான ஓட்டைகள். டாக்டர் சீட்டுக்கு விஸ்கி, கோயிலுக்கு ஒயின். இஞ்சிச் சாறு டானிக் ஒன்று மருந்து என்ற பெயரில் விற்றது. 1930-ல் அதில் பிளாஸ்டிக் தொழிலில் பயன்படும் ரசாயனம் ஒன்றைக் கலந்ததால் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கால் விளங்காமல் போனது. பெரும்பாலும் ஏழைகள், ஏனென்றால் வசதி உள்ளவர்களிடம் தடைக்கு முன் வாங்கி வைத்த சரக்கு இருந்தது. நம் மாகாணத்திலும் குடிக்க அரசு பர்மிட் வைத்திருந்தவர் யார், ஊறலைத் தேடிப் போனவர் யார் என்று தாத்தாக்களைக் கேட்டுப் பாருங்கள்.

நான் பனையேறி. பதநீர்தான் இறக்குகிறேன். ஆனாலும் கள்ளு என்று கேஸ் போடுகிறார்கள். பாகூரில் இதே மரத்தில் இதே பாளையைச் சீவினால் குற்றமில்லையே?
– கடலூர் வட்டம்

உங்கள் கோபம் நியாயம். கள்ளுக்கும் பதநீருக்கும் நடுவில் இருப்பது கலயத்தில் தடவும் சுண்ணாம்பு மட்டும்தான் என்பதை நகரத்து வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறோம். பாளையிலிருந்து சொட்டும்போது இரண்டும் ஒன்றே. காற்றிலும் பழைய கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் சில மணி நேரத்தில் புளிக்க வைக்கத் தொடங்கிவிடும். சுண்ணாம்பு அதைத் தடுக்கிறது. குறைத்துத் தடவினால் வெயிலேறப் பொங்கிவிடும், காய்ச்சினாலும் கருப்பட்டி கட்டியாகாமல் இளகி நிற்கும். கூட்டித் தடவினால் நாக்கு உறைக்கும், கருப்பட்டி கறுத்துக் காறும். சித்திரை வெயிலுக்கு ஒரு பதம், தைப் பனிக்கு ஒரு பதம். இதை வயலில் வந்து நிற்கும் காவலர் முகர்ந்து பார்த்து முடிவு செய்கிறார் என்பதுதான் கொடுமை.

பழகிய சில முறைகள் உதவும். கலயத்தை ஒவ்வொரு முறையும் கழுவி, அனலில் காட்டி உலர்த்திய பிறகே சுண்ணாம்பு தடவுங்கள். நேற்றைய மிச்சம் ஒரு கை இருந்தாலும் அது உறை ஊற்றிய மாதிரி வேலை செய்யும். காலையில் இறக்கியதை வெயில் ஏறுமுன் காய்ச்சவோ விற்கவோ செய்யுங்கள். விற்கும் இடத்தில் சுண்ணாம்புப் படிவு தெரியும் கலயத்தையே வைத்திருங்கள். பிளாஸ்டிக் கேனுக்கு மாற்றினால் சந்தேகம் தானாக வரும். பனைத் தொழிலாளர் நலவாரிய அட்டை இருந்தால் கையோடு இருக்கட்டும்.

எங்கள் கருத்தைக் கேட்டால்: 5 சதவீதப் பானத்தை 1987-லிருந்து தடுத்து, 42.8 சதவீதத்தை அரசே விற்பதற்கு உடல்நலக் காரணம் எதுவும் கிடையாது. கள்ளில் கலப்படம் வரும் என்ற பயம் நியாயமானதுதான். அதற்கு மருந்து ஆய்வும் உரிமமும். தடை போட்டதில் பனையேற ஆளில்லாமல் போனதுதான் மிச்சம்.

விற்பனை வரியே மதுவிலக்கால் வந்ததுதான் என்று என் தகப்பனார் சொல்வார். உண்மையா?
– ஜவுளி வியாபாரி, திருப்பாதிரிப்புலியூர்

உண்மை. ராஜாஜி முதல்வராக, அன்றைய பெயரில் பிரதமராக, இருந்தபோது 1937 அக்டோபர் 1-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். பிறகு சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு. ஆயத்தீர்வை குறையவே, அந்த ஓட்டையை அடைக்க 1939-ல் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவந்தார். வியாபாரிகள் கொதித்தார்கள். போர்க்காலத்தில் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. வரி நிற்கவில்லை! மற்ற மாகாணங்களும் பார்த்துப் பழகிக்கொண்டன. 2007-ல் மதிப்புக் கூட்டு வரியாக மாறி, 2017-ல் ஜி.எஸ்.டி.க்குள் போய்விட்டது. மதுவை மட்டும் ஜி.எஸ்.டி.க்கு வெளியே வைத்திருக்கிறார்கள், மாநிலங்கள் விடுவதாக இல்லை. இன்று டாஸ்மாக் வழியாக ஆண்டுக்கு 45,000 கோடிக்கு மேல் வருகிறது. நாளை மூடினால் அந்தத் தொகை எந்தப் பொருளின் மீது வந்து விழும் என்பதை மூடச் சொல்லும் கட்சிகளிடம் கேளுங்கள். உங்கள் துணிக்கடையையும் தாண்டிப் போகாது.

நெடுஞ்சாலைக் கடைகளை உச்ச நீதிமன்றம் மூடச் சொன்னது நல்லதுதானே?
– அரியாங்குப்பம்

நோக்கம் நல்லது. 2016 டிசம்பர் 15 தீர்ப்பு, 2017 ஏப்ரல் 1 முதல் அமல். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது, சிற்றூராக இருந்தால் 220 மீட்டர். தமிழ்நாட்டில் மட்டும் மூவாயிரம் கடைகளுக்கு மேல் மூடின. மூடியவை ஊருக்குள் இடம் தேடின. பள்ளிக்கூடத் தெருவிலும் குளத்தங்கரையிலும் கட்டடம் பிடித்தபோது பெண்கள் துடைப்பத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். சில மாநிலங்கள் சாலையின் பெயரையே மாற்றி ‘இது நெடுஞ்சாலை இல்லை’ என்று அறிவித்துவிட்டன. அதே ஆண்டு ஜூலையில் நகராட்சி எல்லைக்குள் இது பொருந்தாது என்று நீதிமன்றமே விளக்கம் சொல்லவேண்டி வந்தது.

மரவேலைக்கு பிரெஞ்சு பாலிஷும் ஸ்பிரிட்டும் வாங்க இத்தனை கெடுபிடி ஏன்?
– தச்சர், வில்லியனூர்

உங்கள் பாலிஷ் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தது. மதுவிலக்குக் காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கம் அரக்கை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் குடித்தார்கள். அதனால்தான் திரிந்த சாராயம் (குடிக்க முடியாதபடி விஷம் சேர்த்த ஸ்பிரிட்), மெத்தில் ஆல்கஹால் (மெத்தனால்), வார்னிஷ் மூன்றுக்கும் சேர்த்து 1959-ல் தனி விதிகளே வந்தன. நேர்மையான தச்சர் லைசென்ஸுக்கு அலைகிறார். பெரிய கேன்கள் ஆலைக்கும் லாரிக்கும் நடுவில் தொலைகின்றன.

ஸ்பிரிட்டில் விஷம் சேர்த்தால் யாரும் குடிக்கமாட்டார்கள் என்பது பழைய யோசனை. அமெரிக்க அரசு 1926 முடிவில் தொழிற்சாலை ஸ்பிரிட்டில் மெத்தனால் அளவைக் கூட்டியது. குடிப்பது நிற்கவில்லை, சாவுதான் கூடியது. 2024 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தொழிற்சாலைச் சாராயத்தையும் மாநிலங்கள் கட்டுப்படுத்தலாம் என்று 8-க்கு 1 எனத் தீர்ப்புச் சொன்னது. இனி ‘எங்கள் கையில் இல்லை’ என்று எந்த மாநிலமும் சொல்ல முடியாது. எத்தனை லிட்டர் உள்ளே வந்தது, எத்தனை லிட்டர் பொருளில் போனது, எவ்வளவு ஆவியானதாகக் கணக்கு எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி பிடிபடும். ஆயிரம் ஊறலை உடைப்பதைவிட இது பலன் தரும் என்பது எங்கள் எண்ணம்.

பீகாரில் வெற்றி என்கிறார்கள், தோல்வி என்கிறார்கள். எது சரி?
– வழக்கறிஞர், விருத்தாசலம்

இரண்டும். 2016 ஏப்ரலில் தடை வந்தபின் குடிக்கும் ஆண்கள் குறைந்ததாகவும், வீட்டில் அடி உதை குறைந்ததாகவும் ஆய்வுகள் சொல்கின்றன. தடையைக் கேட்டவர்களே பெண்கள்தான், அவர்களுக்குக் கிடைத்ததை நாம் குறைத்துப் பேசக்கூடாது. மறுபக்கம் உங்கள் துறை. வீட்டில் பாட்டில் கிடைத்தால் வயதுவந்த குடும்பத்தினர் எல்லோரும் பொறுப்பு, வீடு பறிமுதல், ஊருக்கே அபராதம் என்று முதல் சட்டம் இருந்தது. 2018-ல் தளர்த்தினார்கள். 2021 டிசம்பரில் அப்போதைய இந்தியத் தலைமை நீதிபதி ரமணா, ஜாமீன் மனுக்களால் உயர்நீதிமன்றம் திணறுவதைச் சுட்டிக்காட்டி, தொலைநோக்கு இல்லாமல் போட்ட சட்டத்துக்கு இதை உதாரணமாகவே சொன்னார். 2022-ல் முதல்முறை பிடிபட்டவர் 2,000 முதல் 5,000 ரூபாய் அபராதம் கட்டிவிட்டுப் போகலாம் என்றானது. அதே ஆண்டு டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் கள்ளச்சாராயச் சாவுகள். கள்ளக்குறிச்சிக்குப் பிறகு தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தி, உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் தண்டனை, 10 லட்சத்துக்குக் குறையாத அபராதம் என்று ஆக்கியது. கலந்தவனுக்கு அது சரி. குடித்தவனையும் அதே கண்ணோடு பார்த்தால் அவன் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டான் என்பதை மேலே சொல்லிவிட்டோம்.

தங்கை கல்யாணத்துக்கு பாண்டியிலிருந்து இரண்டு பெட்டி எடுத்துவரலாமா? பில் இருக்கிறது.
– காட்டுமன்னார்கோயில்

கூடாது. ‘புதுச்சேரியில் மட்டும் விற்பனைக்கு’ என்று லேபிளிலேயே இருக்கும். அங்கே வரி கட்டியதற்குத்தான் அந்த பில், தமிழ்நாட்டுக்குள் அது உங்களைக் காப்பாற்றாது. பெட்டிக்கணக்கில் பிடித்தால் சொந்த உபயோகம் என்ற வாதமும் நிற்காது. சரக்கோடு வண்டியும் போகும். வாடகைக் கார் என்றால் உரிமையாளருக்கு நோட்டீஸ் வரும், தனக்குத் தெரியாமல் நடந்தது என்று அவர் நிரூபிக்காவிட்டால் பறிமுதல், பிறகு ஏலம். முகூர்த்த நாளில் மாப்பிள்ளை அழைப்புக்கு வேறு கார் தேட வேண்டியிருக்கும்.